மஸ்டாங்குக்கு எந்த எக்ஸாஸ்ட்? 401-இல் உட்கார்ந்து கேட்டபின் வாங்குங்கள்

வாசகர் கேள்வி:

நான் ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் இருக்கிறேன், வயது 31. போன வருடம் 2017 மஸ்டாங் ஜிடி ஒன்று, ஓட்டோமற்றிக், கைமாறி வாங்கினேன். வேலை மிசிசாகாவில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை 401 நெடுஞ்சாலையில் இந்தக் காரில்தான் போய்வருகிறேன். குளிர்காலத்தில் கராஜில் நிற்கும். வி8 இஞ்சின் வைத்திருந்தும் சத்தம் அடக்கமாக இருப்பதுதான் குறை. ஒரு கடையில் பின்னாலிருக்கும் இரண்டு சைலன்சரையும் வெட்டிவிட்டு நேர்க் குழாய் ஒட்டித்தர 300 டொலர் கேட்கிறார்கள். மச்சான், "போர்லா கம்பனியின் அட்டாக் எக்ஸாஸ்டைப் போடு, வேறொன்றும் பார்க்காதே" என்கிறான். இன்னொருவர், கன்வேட்டர் (புகையைச் சுத்தமாக்கும் பகுதி) இல்லாத ஹெடர் (இஞ்சினிலிருந்து புகையை எடுக்கும் குழாய்த் தொகுதி) போட்டால் 50 குதிரைவலு கூடும் என்கிறார். சனிக்கிழமைகளில் அம்மாவை ரிச்மண்ட் ஹில் கோயிலுக்கு இதில்தான் கூட்டிப்போவேன், அவருக்குத் தலையிடி வரக்கூடாது. பொலிஸ் தொல்லையும் வேண்டாம். 2,500 டொலருக்குள் முடிக்க வேண்டும். எதைப் போடட்டும்?

பதில்:

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்ட வேண்டாம். கன்வேட்டரைத் தொட வேண்டாம். பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் பகுதியை மட்டும் மாற்றுங்கள். இதைத்தான் ஆக்சில்-பேக் என்கிறோம். அதிலும் நடுத்தரச் சத்தமுள்ள வகுப்பை எடுங்கள். நடுவில் இருக்கும், சத்தத்தை மட்டுப்படுத்தும் ரெசனேட்டர் அப்படியே இருக்கட்டும். இது உங்கள் பணத்துக்குள் வரும். பிடிக்காவிட்டால் ஒரு பின்னேரத்தில் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம்.

எக்ஸாஸ்ட் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கைபேசியில் ஒரு வீடியோவோடு வருகிறார்கள். கார் நின்ற இடத்தில் நிற்கும், யாரோ அக்ஸிலரேட்டரை இரண்டு தடவை மிதிப்பார், சத்தம் எழும்பும், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சத்தம் உங்கள் வாழ்க்கையில் எத்தனை நிமிடம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் காருக்குள் செலவழிக்கும் நேரம் ஏஜாக்ஸுக்கும் மிசிசாகாவுக்கும் இடையில், ஆறாவது கியரில், கால் சும்மா வைத்தபடி போகும் நேரம். எக்ஸாஸ்டை அந்த நேரத்துக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அந்த நேரத்துச் சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் காரில் ஆறாவது கியரில் 100 கிலோமீற்றர் வேகத்தில் இஞ்சின் சுற்று 1,700 அளவில் நிற்கும். பின் அச்சின் பல்விகிதத்தைப் பொறுத்து 1,900 வரையும் போகலாம், சுற்று காட்டும் மீற்றரில் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு சிலிண்டர் உள்ள நாலு-ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு நாலு வெடிப்பு. 1,700 சுற்றுக்கு நிமிடத்தில் 6,800 வெடிப்பு, அதாவது விநாடிக்கு 113 அளவில். அந்த 113 ஹேர்ட்ஸ்தான் உங்கள் காருக்குள் கேட்கப்போகும் ஒலி. கூரை, பின் கண்ணாடி, டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் இடைப்பட்ட வெளி எல்லாம் சேர்ந்து இப்படிப்பட்ட தாழ்ந்த ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. போத்தல் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் சத்தம் எழும்பும் அல்லவா, அதேதான் இங்கேயும் நடக்கிறது. இதை ஆட்கள் ட்ரோன் என்று சொல்வார்கள். காதில் கேட்பதைவிட நெஞ்சிலும் மண்டையிலும் உணர்வதுதான் அதிகம். பாட்டை எவ்வளவு கூட்டினாலும் மறையாது. அம்மாவுக்குத் தலையிடி வரப்போவது இதில்தான், நீங்கள் மிதிக்கும்போது எழும் உறுமலில் இல்லை.

ஓட்டோமற்றிக் என்பதால் இன்னொன்றும் உண்டு. எரிபொருள் மிச்சம் பிடிக்க கியர்பெட்டி சுற்றை முடிந்தவரை தாழ்த்தி வைக்கும், இஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வேட்டரைப் பூட்டியும் வைக்கும் (இது புகைக் கன்வேட்டர் இல்லை). டொன்வேலிச் சந்திப்புக்கு அருகே நெரிசல் இளகி, மெதுவாக வேகமெடுக்கும்போது சுற்று 1,500-க்கும் 2,000-க்கும் இடையில் இருக்க, இஞ்சின் மட்டும் பாரத்தோடு இழுக்கும். ட்ரோன் மிக மோசமாக இருப்பது அந்த இடத்தில். கைக்கியர் கார் வைத்திருப்பவர் ஒரு கியர் இறக்கித் தப்பிவிடுவார். அதனால் கைக்கியர்க்காரர் ஒருவர் "எனக்கு ட்ரோனே இல்லை" என்று சொன்னால், அதை உங்கள் காருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

விற்பவர்கள் தரும் டெசிபல் எண்ணையும் எச்சரிக்கையாகப் பாருங்கள். அவர்கள் தருவது பெரும்பாலும் 'ஏ' அளவுகோல் டெசிபல். மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலி குறைவாகக் கேட்கும் என்பதால், அந்த அளவுகோல் 100 ஹேர்ட்ஸில் இருக்கும் ஒலியிலிருந்து 19 டெசிபல் அளவுக்குக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். உங்களைப் பிழிந்தெடுக்கும் 113 ஹேர்ட்ஸ் அந்தக் கழிவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். காருக்குள் இரண்டே டெசிபல்தான் கூடியிருக்கிறது என்று காகிதம் சொல்லும், ஓட்டுகிறவர் ஒரு மாதத்தில் கழற்றித் தரச்சொல்லி வருவார். கைபேசியில், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' அளவுகோலும், எந்த ஹேர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்ற அலைவரிசைப் படமும் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கும். இப்போதுள்ள கம்பனி சைலன்சரோடு, கண்ணாடி மூடி, ஆறாவது கியரில் ஒரு தடவை அளந்து வையுங்கள். நீங்கள் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் கைபேசியைப் பிடிக்கட்டும். பிறகு எதை ஒப்பிட்டாலும் இந்த அளவோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பிடுவது எப்படி? அதே தலைமுறை மஸ்டாங், அதே 5 லீற்றர் இஞ்சின், முடிந்தால் ஓட்டோமற்றிக், நீங்கள் வாங்க நினைக்கும் அதே எக்ஸாஸ்ட். ஜிரிஏ-யில் (ரொறன்ரோ பெரும்பாகத்தில்) மஸ்டாங் வைத்திருப்பவர்களுக்குக் குறைவில்லை, கோடையில் எல்லா வார இறுதியும் எங்காவது கூடி நிற்பார்கள். கேட்டால் சந்தோஷமாக ஏற்றுவார்கள். நீங்கள் முன் இருக்கையில் ஏறாதீர்கள். பின் இருக்கையில் இருங்கள். வாகனத் தரிப்பிடத்தில் மிதித்துக் காட்ட வேண்டாம், நெடுஞ்சாலையில் கால்மணி நேரம் சாதாரணமாக ஓட்டுங்கள் என்று சொல்லுங்கள். இறங்கும்போது காதுக்குள் ஒரு ரீங்காரம் மிச்சமிருந்தால் அந்த எக்ஸாஸ்ட் உங்களுக்கு வேண்டாம். அவ்வளவுதான் பரீட்சை.

மச்சான் சொன்ன அட்டாக் நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். போர்லாவில் இந்தக் காருக்கு மூன்று வகுப்பு உண்டு: டூரிங் அடக்கம், எஸ்-டைப் நடுத்தரம், அட்டாக் உச்சம். மேக்னாஃப்ளோவிலும் கோர்சாவிலும் இதேபோல் படிகள் இருக்கின்றன. எல்லா நிறுவனமும் ஒரே காருக்கு இப்படிப் படிகள் வைத்திருப்பதற்குக் காரணமே, ஆளாளுக்கு ஓட்டும் விதம் வேறு என்பதுதான். வாரத்தில் ஐந்து நாள் 401-இல் போகிற ஆளுக்கு உச்ச வகுப்பு சரிவராது. போமன்வில்லில் இருக்கும் மோஸ்போர்ட் பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிற, வேறு கார் ஒன்றை வேலைக்கு எடுத்துப்போகிற ஆள் என்றால் நானே அதை மாட்டிக் கொடுப்பேன். உங்களுக்கு எஸ்-டைப் போன்ற நடு வகுப்பு போதும். அம்மாவின் தலையை யோசித்தால் டூரிங்கையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதிலும் வி8 தெளிவாகக் கேட்கும்.

கேட்-பேக்கா, ஆக்சில்-பேக்கா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. கேட்-பேக் என்றால் கன்வேட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாம் மாறும்: இரண்டு பக்கக் குழாயையும் இணைக்கும் பகுதி, ரெசனேட்டர், பின் சைலன்சர்கள் எல்லாமே. ஆக்சில்-பேக்கில் கடைசிச் சைலன்சர்கள் மட்டும். உங்கள் இஞ்சினின் கிராங்க் தண்டின் அமைப்பால் ஒரு பக்கத்து நாலு சிலிண்டரும் சமமான இடைவெளியில் வெடிப்பதில்லை. அந்தச் சமனின்மைதான் அமெரிக்க வி8-க்கே உரிய அந்தக் குமுறலைத் தருகிறது. நடுவில் இருக்கும் இணைப்பு இரண்டு பக்கத்தையும் கலந்து அதை மென்மையாக்குகிறது. எச் எழுத்து வடிவ இணைப்பான எச்-பைப் கலப்பைக் குறைத்துத் தாழ்ந்த குமுறலை மிச்சம் வைக்கும், எக்ஸ் வடிவ எக்ஸ்-பைப் நன்றாகக் கலந்து மேல் சுற்றில் கூர்மையாக்கும். ரெசனேட்டரோ நாம் பேசிய அந்தத் தாழ்ந்த ஒலியையும், கூடவே வரும் கரகரப்பையும் மட்டுப்படுத்துகிறது. பல கேட்-பேக் தொகுதிகளில் ரெசனேட்டரே இருக்காது, சத்தம் கூடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆகவே ஃபோர்ட் பொறியியலாளர்கள் கணக்குப் போட்டு வைத்த முன்பகுதியை விட்டுவிட்டு, கடைசிச் சைலன்சரை மட்டும் மாற்றினால் நீங்கள் கேட்கும் குரலில் பெரும்பகுதி வந்துவிடும், ட்ரோனில் பெரும்பகுதி வராது. செலவும் ஏறக்குறையப் பாதி.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் நாணய மாற்று, எல்லையில் வரி, அனுப்பும் கூலி, 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். பெட்டி பெரிது, கூலி கொஞ்சமில்லை. கனடாவிலேயே இருப்பு வைத்திருக்கும் விற்பனையாளரிடம் வாங்கினால், உடைந்து வந்தால் திருப்பிக் கொடுக்கவும் இலகு.

எவ்வளவு கவனித்தாலும் சிறிது ட்ரோன் மிச்சம் வந்துவிடலாம். அதற்கு வழி இருக்கிறது. குழாயின் பக்கவாட்டில், ஒரு முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றை ஒட்டுவோம். பிரதான குழாயில் வரும் ஒலி அந்தக் கிளைக்குள் போய் மூடிய முனையில் பட்டுத் திரும்பி வரும்போது சரியாக எதிர்மாறாக வந்து தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். நீளம் அலையின் காற்பங்கு இருக்க வேண்டும். பின்பக்கக் குழாயில் புகை 250 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு 460 மீற்றர் அளவு. 113 ஹேர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறக்குறைய 4 மீற்றர், அதில் காற்பங்கு 1 மீற்றர். கிளைக்குள் நிற்கும் புகை கொஞ்சம் ஆறியிருக்கும் என்பதால் அதைவிடச் சற்றுக் குறைத்து வெட்டி, ஓட்டிப்பார்த்துத் திருத்துவோம். கடைகளில் ஜே-பைப் என்று கேட்டால் தெரியும். கோர்சா இதே தத்துவத்தைச் சைலன்சருக்குள்ளேயே வைத்துக் கட்டுகிறது, அதனால்தான் அவர்களுடைய தொகுதிகள் நெடுஞ்சாலையில் அமைதியாக இருப்பதாகப் பெயர் எடுத்தன. இந்த வேலையைச் செய்யச்சொல்லிக் கேட்கும்போது, "எந்தச் சுற்றில் ட்ரோன் வருகிறது?" என்று முதலில் கேட்காத கடையில் செய்யாதீர்கள். சுற்று தெரியாமல் நீளம் சொல்ல முடியாது.

இப்போது அந்த 300 டொலர் வேலை. சைலன்சரை வெட்டி நேர்க் குழாய் ஒட்டுவதை நான் செய்வதில்லை, செய்யவும் விடமாட்டேன். ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75-ஆம் பிரிவை வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாகனத்திலும் நல்ல நிலையில் இயங்கும் சைலன்சர் இருக்க வேண்டும், அளவு மீறிய சத்தமோ வழக்கத்துக்கு மாறான சத்தமோ வரக்கூடாது என்கிறது. அதோடு நிற்காமல் கட்-அவுட், நேர்க் குழாய், உள்ளே குடைந்த சைலன்சர், ஹொலிவூட் சைலன்சர், பைபாஸ் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. உங்களுக்குச் சொன்ன வேலை அந்தப் பட்டியலில் நேராகவே இருக்கிறது. சைலன்சரை வேறு சைலன்சரால் மாற்றுவதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. ஆனால் எத்தனை டெசிபல் வரை என்று அதில் எண் கிடையாது. தெருவில் நிற்கும் அதிகாரியின் காதும் மதிப்பீடும்தான் அளவு. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. அதே பிரிவில், தேவையில்லாத சத்தம் எழுப்புவதே குற்றம் என்றும் இருக்கிறது. கம்பனி சைலன்சரோடு நின்றாலும் சிவப்பு விளக்கில் மிதித்து உறுமவைத்தால் தண்டம் வரலாம். நடு வகுப்பைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சாதாரணமாக ஓட்டினால் யாரும் திரும்பிப் பார்க்காத சத்தமாக இருக்க வேண்டும்.

வெட்டிவிட்டால் திரும்ப வராது என்பதையும் யோசியுங்கள். காரை விற்கும்போது பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆய்வு செய்வார்கள். சைலன்சர் இல்லாத காரும் புகை கசியும் காரும் அதில் தேறாது. அப்போது முழுப் புதுச் சைலன்சருக்கும் காசு கொடுக்க வேண்டிவரும். வெட்டாமல் கழற்றிய கம்பனிச் சைலன்சரைத் துடைத்துச் சுற்றி கராஜின் மூலையில் வையுங்கள். காரை வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கன்வேட்டர் இல்லாத ஹெடர் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 2019-இல் ஒன்ராறியோ டிரைவ் கிளீன் புகைச் சோதனையைச் சாதாரணக் கார்களுக்கு நிறுத்தியதும், இனி என்னவும் செய்யலாம் என்று பலர் நினைத்துவிட்டார்கள். சோதனைதான் போனது. மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தைக் கழற்றுவது இன்றைக்கும் சட்டவிரோதம். கழற்றினால் இஞ்சின் விளக்கு எரியும், பி0420, பி0430 என்ற பிழைக் குறியீடுகள் வரும். காருக்குள் எரியாத பெற்றோல் நாற்றம் வரும், பின் இருக்கையில் இருப்பவருக்கு அது முதலில் தெரியும். 50 குதிரைவலு என்ற கணக்கும் வெறும் ஹெடரால் வருவதில்லை. ஹெடர், காற்று உள்ளிழுக்கும் பகுதி, இஞ்சின் கணினியின் அமைப்பு (ரியூன்) மூன்றையும் ஒன்றாக மாற்றி, உச்சச் சுற்றில் அளந்த கணக்கு அது.

சைலன்சர் மாற்றுவதால் வலு கூடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, மச்சான் கேட்பார். உங்கள் இஞ்சின் கம்பனியிலிருந்தே 435 குதிரைவலு. கேட்-பேக் மாற்றினால் நல்ல நாளில் ஐந்து, பத்து கூடலாம், அதுவும் 6,000 சுற்றுக்கு மேல். ஆக்சில்-பேக்கில் ஒன்றும் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று அங்குலக் குழாய்தான் வேண்டும் என்று பிடிவாதமும் வேண்டாம், கம்பனி இஞ்சினுக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அங்குலம் தாராளம். குரலுக்காக வாங்குகிறோம் என்று மனதில் தெளிவாக வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டோம்.

எந்த உலோகம் என்பதில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் நாம் இருப்பது குளிர்காலத்தில் பனி உருக வீதியில் உப்புக் கொட்டும் ஊர். நீங்கள் குளிர்காலத்தில் காரை எடுப்பதில்லை என்றாலும், ஏப்ரலில் வீதியோரம் மிச்சமிருக்கும் உப்பு முதல் மழையில் கரைந்து அடியில் அடிக்கும். சந்தையில் மூன்று வகை உண்டு. அலுமினியம் பூசிய சாதாரண உருக்கு மலிவு, பூச்சு கீறுபட்ட இடத்திலும் வெல்டிங் செய்த இடத்திலும் துருப்பிடிக்கும். 409 ஸ்டெயின்லெஸில் குரோமியம் 11 சதவீத அளவுதான், நிக்கல் இல்லை. மேலே பழுப்பு நிறம் பிடிக்கும், ஆனாலும் பல வருடம் ஓடும். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். இங்கே அதைத்தான் வாங்குவேன். ஒரு சிறிய காந்தத்தைக் கொண்டுபோங்கள்: 409-இல் பக்கென்று ஒட்டும், 304-இல் ஒட்டாது, வளைத்த இடத்தில் மட்டும் இலேசாக இழுக்கலாம். நுனியில் பளபளக்கும் பகுதியில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். நுனி 304 ஆகவும் உள்ளே 409 ஆகவும் இருக்கும் தொகுதிகள் நிறைய. சைலன்சரின் உடலிலும் குழாயிலும் வைத்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து வரும் உப்பு ஒரு பக்கம், உள்ளிருந்து வரும் தண்ணீர் இன்னொரு பக்கம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. நீண்ட ஓட்டத்தில் அது வெளியே போய்விடும். கராஜில் நிறுத்திய காரைக் குளிர்காலத்தில் "சும்மா பத்து நிமிடம் ஸ்ரார்ட் பண்ணி வைப்போம்" என்று செய்தால், குளிர்ந்த சைலன்சருக்குள் அது தண்ணீராகி, வசந்தம் வரை அங்கேயே கிடந்து அரிக்கும். நவம்பரில் நன்றாக ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள், பிறகு ஏப்ரல் வரை தொடாதீர்கள். பற்றரிக்கு ஒரு சார்ஜரை மாட்டிவிட்டால் போதும்.

பெட்டி வந்ததும், கடைக்குக் கொண்டுபோகுமுன் ஒரு கைவிளக்கை எடுத்துக் குழாயின் உட்புறத்தைப் பாருங்கள். வெளியில் எல்லா வெல்டிங்கும் அழகாக இருக்கும். உள்ளே ஆர்கன் வாயு செலுத்திச் செய்த வெல்டிங் மழமழவென்று வெள்ளியாகவோ வைக்கோல் நிறமாகவோ இருக்கும். வாயு செலுத்தாமல் செய்தது கருகிய சீனிபோலக் கறுத்துப் பொருபொருத்து நிற்கும். அந்தக் கறுப்பு இடத்தில்தான் முதல் விரிசல் விழும். சைலன்சருக்குள் நாராலான பொதி வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பொதி வருடங்கள் போகப்போக எரிந்து குறையும், சத்தம் கூடும். இன்றைக்கு எல்லைக்கோட்டில் இருக்கும் சத்தத்தை வாங்கினால், நாலு வருடத்தில் எல்லை தாண்டிவிடும்.

மாட்டும் வேலையில் ஒன்றைக் கவனியுங்கள். 304 உருக்கு சூட்டில் நன்றாக நீளும்: 2 மீற்றர் குழாய் 400 பாகை சூடேறினால் 13, 14 மில்லிமீற்றர் நீளும். காரின் எக்ஸாஸ்ட் றப்பர் தொங்கல்களில் ஆடுவதற்குக் காரணம் அதுதான். ஆறிய நிலையில் நுனியைப் பம்பரின் வெட்டுக்குள் அழகாக ஒட்டி வைத்துவிட்டால், 401-இல் நெரிசலில் நிற்கும்போது சூடேறி நகர்ந்து பிளாஸ்டிக்கை உருக்கும். நுனிக்கும் பம்பருக்கும் சுற்றிவர ஒரு விரல் போகும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். 2017-ஆம் ஆண்டுக் கார் என்பதால் றப்பர்களையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பெரிய காசில்லை. கிளாம்புகளை முன்னிருந்து பின்னாக, முதலில் இலேசாகப் பிடித்து, எல்லாம் நேரானபின் இறுக்க வேண்டும். ஒரு தடவை நன்றாகச் சூடேறி ஆறியபின் திரும்பவும் இறுக்க வேண்டும். நல்ல கடை அதற்காக உங்களை மறுபடி வரச்சொல்லும். வரச்சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து இணைப்புகளில் குமிழி வருகிறதா என்று உங்கள் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். கசிகிற புகை காருக்குள் வந்தால் அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கும், அதற்கு மணமில்லை.

அயலவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் குளிர்ந்த இஞ்சினை ஸ்ரார்ட் செய்ததும், கன்வேட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காகக் கணினி சுற்றைக் கூட்டி வைக்கும். அந்த முதல் ஒரு நிமிடம்தான் உங்கள் கார் வீதியில் எழுப்பும் மிகப்பெரிய சத்தம். ஏஜாக்ஸின் வரிசை வீடுகளில் இரவு வேலை முடித்து அப்போதுதான் படுத்தவர்கள் இருப்பார்கள். கராஜுக்குள் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தாமல் வழமைபோல் முன்பக்கமாக நிறுத்தினால் எக்ஸாஸ்ட் வாய் வீதியைப் பார்க்கும், சுவரில் மோதி எதிரொலிக்காது. ஸ்ரார்ட் செய்துவிட்டுக் கைபேசி பார்த்துக்கொண்டு நிற்காமல், எண்ணெய் ஏற அரை நிமிடம் விட்டு, மெதுவாக உருட்டிக்கொண்டு வெளியேறுங்கள். இஞ்சினுக்கும் அதுதான் நல்லது.

இந்த வார இறுதியில் கம்பனி சைலன்சரோடு அளவெடுத்து வையுங்கள். அடுத்து எஸ்-டைப் ஆக்சில்-பேக் போட்ட ஒருவரையும் டூரிங் போட்ட ஒருவரையும் தேடிப் பின் இருக்கையில் ஏறுங்கள். முடிந்தால் அம்மாவையும் ஏற்றுங்கள், அவர் சொல்வதை நான் எந்தக் கருவியைவிடவும் நம்புவேன். அதற்குப் பிறகு எது என்று முடிவாகாவிட்டால், 1,700 சுற்றில் எடுத்த இரண்டு அலைவரிசைப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.